பழைய டெஸ்க்டாப்பில் பயாஸ் அப்டேட்: கரண்டைக் கவனித்துவிட்டுக் கை வையுங்கள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் வீடுகளில் ஓடும் டெஸ்க்டாப்கள் பல, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெல், எச்பி பெட்டிகள்தாம். பிள்ளைகளின் பாடத்துக்கும் கோயில் கமிட்டிக் கணக்குக்கும் தாராளமாகப் போதும். ஆனால் கொஞ்சநாள் கழித்து யாராவது வந்து, "பயாஸ அப்டேட் பண்ணிட்டா பறக்கும்" என்று சொல்லிவிடுவார். பறக்காது. வேகம்தான் வேண்டுமென்றால் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். பயாஸ் அப்டேட் செய்வதற்கான காரணங்களே வேறு.

மதர்போர்டில் எட்டுக் கால்கள் உள்ள சின்ன சிப் ஒன்று இருக்கும். பட்டனை அமுக்கியதும், விண்டோஸ் எழுவதற்கு முன்பே, பிராசஸரையும் மெமரியையும் டிஸ்க்கையும் எழுப்பும் பயாஸ் என்ற நிரல் அதில்தான் இருக்கிறது. அப்டேட் என்பது அந்த சிப்பை அழித்துவிட்டு மறுபடி எழுதுவது. எழுதுவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். நடுவில் கரண்ட் போனால், மெஷினை எழுப்ப ஆளில்லை. அதனால்தான் இந்தப் பதிவில் பாதி இடத்தைக் கரண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில்: தேவையா?

புதிய பிராசஸர் மாட்டப் போகிறீர்கள், போர்டு அதை அடையாளம் காணவில்லை என்றால் செய்யலாம். உங்களுக்கு இருக்கும் அதே கோளாறு புதிய பதிப்பின் குறிப்பில் "சரிசெய்யப்பட்டது" என்று இருந்தால் செய்யலாம். பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டிருந்தாலும் சரி. வேறு எதற்கும் வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்திலும் அவசரம் கூடாது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகள் வெளிவந்தபோது இன்டெல் உடனே கொடுத்த மைக்ரோகோடு (பிராசஸரின் உள்நிரல்) திருத்தத்தால் ஹாஸ்வெல், பிராட்வெல் தலைமுறை இன்டெல் பிராசஸர் உள்ள மெஷின்கள் நினைத்தபோதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகின. அதே மாதம் 22ஆம் தேதி, "அதைப் போட வேண்டாம்" என்று இன்டெல்லே சொல்ல வேண்டியதாயிற்று. வந்து சில மாதமாவது ஆன பதிப்பாகப் பார்த்து எடுங்கள். பீட்டா என்ற சோதனைப் பதிப்புகள் பக்கமே போகாதீர்கள். பல பிராசஸர்களுக்கு மைக்ரோகோடு திருத்தங்களை விண்டோஸும் லினக்ஸும் தாமே ஏற்றிக்கொள்ளும் என்பதால், அதற்காக மட்டும் பயாஸைத் தொட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

படி 1: போர்டின் சரியான பெயர்

விண்டோஸ் பட்டனோடு ஆர் அமுக்கி, வரும் பெட்டியில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ, 3, 2 என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். சிஸ்டம் மாடல், பயாஸ் பதிப்பும் தேதியும், பேஸ்போர்டு பெயர் எல்லாம் அங்கே இருக்கும். தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

டெல் என்றால் பெட்டியின் ஸ்டிக்கரில் ஏழு எழுத்து சர்வீஸ் டேக் இருக்கும்; எச்பி என்றால் சீரியல் நம்பர். கடையில் அசெம்பிள் செய்தது என்றால் மூடியைக் கழற்றிப் போர்டிலேயே பாருங்கள். கிகாபைட் போர்டுகளில் மூலையில் "ரெவ் 1.0", "ரெவ் 2.0" என்று அச்சாகியிருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் ரெவ் மாறினால் ஃபைலும் மாறும். தொடங்குகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 2: ஃபைல்

தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். கூகுளில் மேலே வந்து நிற்கும் "டிரைவர் அப்டேட்டர்" எதையும் தொடாதீர்கள். அப்புறம், டவுன்லோடு பட்டனுக்கு அருகில் இருக்கும் குறிப்பை முழுக்கப் படியுங்கள். "முதலில் இந்தப் பதிப்புக்குப் போய்விட்டு வா" என்று இருந்தால் அப்படியே படிப்படியாகப் போக வேண்டும். சில சமயம் புதிய பதிப்பு பழைய பிராசஸரைக் கைவிட்டுவிடும்: ஏஎம்டி பிராசஸர்களுக்கான ஏஎம்4 போர்டுகள் சிலவற்றில் 16 எம்பி சிப்பில் இடம் போதாமல், புதிய ரைசன் பிராசஸர்களுக்கு இடம் கொடுக்கப் பழையவற்றை எடுத்துவிட்டார்கள். திரும்பப் பழைய பதிப்புக்கு வர எல்லாப் போர்டுகளும் விடாது.

படி 3: கரண்ட்

2023 போல இப்போது நாள்தோறும் லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை வெட்டுவது) இல்லைதான். 2024 மார்ச் இறுதியில் நின்றது. ஆனால் 2025 ஜனவரி கடைசியில் போதிய முன்னறிவிப்பு இல்லாமலே திரும்பி வந்து தலை காட்டியது. கரண்ட் வெட்டு நேரம் காட்டும் எஸ்காம்-செ-புஷ் ஆப்பில் உங்கள் ஏரியாவைப் பார்த்துவிட்டே உட்காருங்கள். காலை, மாலை நெரிசல் நேரம் வேண்டாம். அப்போதுதான் லோடு அதிகமான சில ஏரியாக்களில் லோட் ரிடக்ஷன் என்று தனியாகவும் வெட்டுவார்கள். கரண்ட் போய் வந்த கையோடும் தொடங்காதீர்கள், வந்த கரண்ட் நிலைப்பதற்குள் இன்னொரு முறை டிரிப் ஆவது உண்டு. ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்கள் கோடைக்காலப் பிற்பகலை மறந்துவிடுங்கள். இடி மின்னலுக்கு அதுதான் நேரம்.

வெளியே எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே கரண்ட் போகும். முதலாவது பிரீபெய்ட் மீட்டர். யூனிட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பயாஸ் பாதி எழுதியபோது யூனிட் தீர்ந்தால், இருபது இலக்க டோக்கனைத் தட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இரண்டாவது, கரண்ட் கசிந்தால் தானாக விழும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச். கீசர் எலிமென்ட்டோ கெட்டிலோ பழைய அயர்ன் பாக்ஸோ கொஞ்சம் கசிந்தால் போதும், டிபி போர்டில் அது விழுந்து எல்லாப் பிளக்கும் செத்துவிடும். அந்த அரை மணி நேரம் கீசரை அணைத்துவிட்டு, டீ போடுவதையும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மல்டிபிளக். அந்தக் கோபுரத்தில் ஒரு கால் பட்டால் கதை முடிந்தது. பெட்டியைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், அல்லது யூபிஎஸ்ஸில்.

யூபிஎஸ் இருந்தால் நிம்மதி. ஆனால் நம்பும் முன் சோதித்துப் பாருங்கள். சும்மா விண்டோஸ் ஓடும்போது, எல்லா ஃபைலையும் சேமித்துவிட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் சரி. பேட்டரி பழையதானால் விளக்கு மட்டும் பச்சையாக எரியும், உள்ளே சரக்கு இருக்காது. பெட்டியும் மானிட்டரும் மட்டும் அதில் இருக்கட்டும். லேசர் பிரின்டர் கூடவே கூடாது.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், "எங்களுக்குக் கரண்ட்டே போகாது" என்பார்கள். போகும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. மெயினிலிருந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் எடுக்கும் நேரம் சிலவற்றில் 20 மில்லி செகண்ட். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை முழு லோடில் தாங்க வேண்டும் என்று பழைய ஏடிஎக்ஸ் (பவர் சப்ளைத் தர) விதி கேட்பது 17 மில்லி செகண்ட் அளவுதான். பயாஸ் எழுதும்போது லோடு குறைவு என்பதால் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனாலும் யூபிஎஸ் போலவே மெயினை அணைத்து முன்கூட்டியே சோதியுங்கள். ஜெனரேட்டர் கரண்டில் செய்யவே வேண்டாம்.

படி 4: எழுதும் முன்

முக்கியமான ஃபைல்களுக்கு வேறு டிஸ்க்கில் ஒரு நகல். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் கன்ட்ரோல் பேனலில் அதை "சஸ்பெண்ட்" செய்யுங்கள். மறந்தால் அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க ரிகவரி கீ கேட்டு நிற்கும்.

இப்போது ரீஸ்டார்ட் செய்து டெலிட் அல்லது எஃப்2 தட்டி (எச்பியில் எஃப்10) பயாஸுக்குள் போய், ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுங்கள். குறிப்பாக இரண்டு: டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையான சாட்டா மோடு (ஏஎச்சிஐ, ஐடிஇ, ரெய்டு, இதில் எது?), விண்டோஸை எழுப்பும் முறையான பூட் மோடு (புதிய யூஇஎஃப்ஐயா, பழைய லெகசியா?). ஓவர்கிளாக் செய்திருந்தால் (பிராசஸரை அதன் அளவுக்கு மேல் ஓடவிட்டிருந்தால்) எடுத்துவிடுங்கள்.

கடிகாரம் அடிக்கடி பழைய வருடத்துக்கு ஓடுகிறது என்றால் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அந்தப் பேட்டரி செலவாகாது. நம் ஊரில் கரண்ட் வெட்டும் இருந்தது, இரவில் சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கமும் உண்டு. சீக்கிரம் தீர்ந்தால் ஆச்சரியமில்லை. அப்டேட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

யூஎஸ்பி டிரைவ் 32 ஜிபி அல்லது அதற்குக் கீழ் இருக்கட்டும். ஃபேட்32 என்று ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் பழைய பயாஸ்களின் கண்ணுக்குத் தெரியாது. ஜிப்பைப் பிரித்து பயாஸ் ஃபைலை மட்டும், ஃபோல்டர் எதுவும் இல்லாமல் காப்பி செய்து, பெட்டியின் பின்பக்கம் உள்ள யூஎஸ்பி 2.0 துளையில் செருகுங்கள்.

படி 5: எழுதுவது

விண்டோஸுக்குள்ளிருந்து செய்யாமல் பயாஸிலேயே இருக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஏசுஸில் ஈஇசட் ஃபிளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ் (திறக்கும்போது எண்ட் பட்டன்), எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். டெல்லில் எஃப்12 தட்டினால் வரும் மெனுவில் "பயாஸ் ஃபிளாஷ் அப்டேட்" இருக்கும். அது இல்லாத மிகப் பழைய டெல் மாடல்களுக்கு மட்டும் விண்டோஸ் ஃபைலை ஓட்ட வேண்டிவரும். அப்போது மற்ற எல்லா நிரலையும் மூடிவிடுங்கள்.

ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் கருவி பதிப்பு எண்ணைக் காட்டும். தாளில் எழுதிய பழைய எண்ணோடு ஒப்பிட்டு, புதியதுதான் என்று பார்த்துவிட்டு "யெஸ்" கொடுங்கள். அதன் பிறகு கீபோர்டுக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை. ஃபேன் அலறலாம், திரை கறுத்துப்போகலாம், மெஷின் தானாக இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் ஆகலாம். எல்லாம் வழக்கமானதே. இருபது நிமிடம் ஆகாமல் "மாட்டிக்கொண்டது" என்று முடிவுகட்டி பவர் பட்டனில் கை வைக்காதீர்கள்.

முடிந்த பிறகு

"செக்சம் எரர்" மாதிரி ஏதாவது சொல்லி பயாஸுக்குள் கூப்பிட்டால் பயப்பட வேண்டாம். "லோட் டிஃபால்ட்ஸ்" கொடுத்து, போனில் எடுத்த படங்களைப் பார்த்துப் பழைய அமைப்புகளைத் திரும்ப வையுங்கள். விண்டோஸ் நீலத்திரையில் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்றால் சாட்டா மோடு மாறிவிட்டது. "பூட் டிவைஸ் இல்லை" என்றால் யூஇஎஃப்ஐ, லெகசி குழப்பம். இரண்டும் பயாஸ் பழுதல்ல, படத்தில் இருந்தபடி மாற்றினால் சரியாகிவிடும்.

உள்ளே இருக்கும்போதே "ஏசி பவர் லாஸ்" என்ற அமைப்பைத் தேடி "பவர் ஆஃப்" என்று வையுங்கள். கரண்ட் திரும்பும் முதல் உதறலிலேயே மெஷின் தானாக எழுந்துகொள்ளாது. அப்புறம் விண்டோஸில் புதிய பதிப்பு எண் காட்டுகிறதா என்று பார்த்து, பிட்லாக்கரைத் திரும்ப ஓடவிடுங்கள்.

எழவே இல்லை என்றால்

பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள கிளியர் சிமாஸ் ஜம்பரால் (பயாஸ் அமைப்புகளை அழிக்கும் ஊசிகள்) ரீசெட் செய்து பாருங்கள். கிகாபைட் போர்டுகள் பலவற்றில் டூயல் பயாஸ் என்ற இரண்டாவது சிப் காப்பாற்றும். ஏசுஸில் பழுதான பயாஸை மீட்கும் கிராஷ்ஃப்ரீ உண்டு. டெல், எச்பி மாடல்களுக்கு அவரவர் தளத்தில் "பயாஸ் ரிகவரி" என்று தேடுங்கள். அதுவும் பலிக்கவில்லையென்றால், லேப்டாப் போர்டு பழுது பார்க்கும் கடையில், "போர்டு மாற்ற வேண்டாம், பயாஸ் சிப்பை புரோகிராம் செய்ய முடியுமா" என்று கேளுங்கள். சிஎச்341ஏ என்ற மலிவான கருவியும் ஒரு கிளிப்பும் போதும். சிப்பை அழிக்கும் முன், அதில் இருப்பதைப் படித்து ஒரு நகல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் டேக், நெட்வொர்க் முகவரி போன்ற அந்த மெஷினுக்கே உரிய விவரங்கள் பல போர்டுகளில் அதே சிப்பில்தான் இருக்கும்.