வேலா துள்ளியதா, கடிகாரம் துள்ளியதா?

பல்சர் என்பது வேகமாகச் சுழன்றபடி சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன். அதன் சுழற்சியில் தடுமாற்றம் இருக்கிறதா என்று அளப்பது, சுருக்கமாகச் சொன்னால், விடாமல் எண்ணுகிற வேலை. வேலா பல்சர் ஒரு சுற்றுக்கு 89 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. இன்று கேட்டுவிட்டு அடுத்த வாரம் மறுபடி கேட்டால், நடுவில் ஓடிய சுமார் 68 லட்சம் சுற்றுகளில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. கணக்குப்படி துடிப்பு வரவேண்டிய நேரத்துக்கும் நிஜமாக வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எச்சம் என்போம். மொத்த வேலையும் அந்த எச்சத்தைப் படிப்பதில்தான் இருக்கிறது.

முதலில் வருகை நேரம் வேண்டும். ஒற்றைத் துடிப்பை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் வரும். சில ஆயிரம் துடிப்புகளைச் சுழற்சிக் காலத்துக்கு ஏற்ப மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அந்தப் பல்சருக்கே உரிய நிலையான முகம் கிடைக்கும். அதை ஒரு மாதிரி வடிவத்தோடு பொருத்தி நேரத்தைக் குறிக்க வேண்டும். நமக்கும் பல்சருக்கும் நடுவில் விண்வெளியில் இருக்கும் எலெக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண்ணை அதிகம் தாமதிக்கும் என்பதையும் கழிக்க வேண்டும். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலாவின் துடிப்பு இதனால் மட்டும் இரண்டரை நொடிக்கு மேல் பிந்துகிறது. கிட்டத்தட்ட முப்பது சுற்றுக்குச் சமம்.

அப்புறம் பூமியின் ஓட்டம். சூரியனைச் சுற்றும்போது நாமே வேலாவை நோக்கியும் விலகியும் போவதால், ஆண்டுக்குள் துடிப்புகள் நாலு நிமிடம் முந்தும், நாலு நிமிடம் பிந்தும். டெம்போ2 மென்பொருள், கோள்களின் இருப்பிட அட்டவணையை வைத்து, எல்லா நேரத்தையும் சூரிய மண்டலத்தின் நிறைமையத்துக்கு மாற்றிவிடும். இதைக் கையால் செய்து பார்க்கிறேன் என்று நான் ஒரு மாதம் வீணாக்கினேன். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

சொந்தத் தொலைநோக்கி இல்லையே என்றும் தயங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கிப் பதிவுகள் 18 மாதம் கழித்துப் பொதுவில் கிடைக்கின்றன.

சரி, எச்சத்தை வரைந்தாயிற்று. இனி கண்தான் கருவி. புள்ளிகள் நேர்கோடாகச் சாய்ந்தால் நீங்கள் கொடுத்த சுழற்சி வேகம் தப்பு. பரவளையமாக வளைந்தால் வேகம் குறையும் விகிதம் தப்பு. வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை தெரிந்தால் வானில் பல்சரின் இடம் தப்பு. வேலாவுக்கு ஒரு ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) பிசகினாலே 1 மில்லி வினாடிக்கு மேல் ஆடும். அந்த அலை ஆண்டுக்கு ஆண்டு பெருத்தால், பல்சர் வானில் நகர்வதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவும் நம் தப்பு. இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் மிஞ்சுவதுதான் பல்சரின் தப்பு.

அது இரண்டு வகை. ஒன்று கிளிட்ச்: வேகம் குறைந்துகொண்டே வரும் பல்சர் திடீரென்று கொஞ்சம் வேகமெடுப்பது. 1969-இல் வேலாவில்தான் இதை முதலில் பார்த்தார்கள். பார்க்ஸில் ராதாகிருஷ்ணனும் மான்செஸ்டரும், அமெரிக்காவில் ரைக்லியும் டவுன்ஸும். (ராதாகிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், சர் சி.வி. ராமனின் மகன்.) கிளிட்ச் வந்தால் எச்சம் ஒரே படியாகக் குதிப்பதில்லை, அந்த நாளிலிருந்து கோடு மடங்கிச் சரிகிறது, துடிப்புகள் நாளுக்கு நாள் இன்னும் முந்துகின்றன. குதிப்பைத் தேடாதீர்கள், மடங்குவதைத் தேடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. 2016 டிசம்பர் 12 கிளிட்சில் வேலாவின் வேகம் பத்து லட்சத்தில் 1.4 பங்கு கூடியது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நாளில் அது 124 மில்லி வினாடி, ஏறக்குறைய 1.4 சுற்று. தினம் ஒருமுறை மட்டும் கேட்டால் முழுச் சுற்று கண்ணுக்குத் தெரியாது, மிச்ச 0.4 மட்டும் தெரிந்து, கிளிட்சின் அளவை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். அதனால் ஒரே இரவில் மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கேளுங்கள். அதற்குள் 15 மில்லி வினாடி நகர்ந்திருக்கும், குழப்பமே வராது. அதே கிளிட்சை டாஸ்மேனியாவின் ஹோபார்ட் அருகே 26 மீட்டர் தொலைநோக்கி நேரடியாகப் பிடித்தது. துடிப்பு துடிப்பாகப் பதிவு செய்ததில், அந்த வேளையில் ஒரு துடிப்பு வரவே இல்லை.

இரண்டாவது வகை நேர இரைச்சல். கோடு நிதானமாக, வருடக்கணக்கில், குடித்தவன் நடையில் அலையும். இதைப் பல்லுறுப்புக் கோவை போட்டுச் சமன்செய்யும் ஆசை எல்லாருக்கும் வரும். போட்டால் கோடு தட்டையாகும், அவ்வளவுதான். சோதிக்க ஒரு வழி: வேகக் குறைவிலிருந்து பிரேக்கிங் இண்டெக்ஸை, அதாவது வேகம் குறையும் போக்கை ஒரே எண்ணில் சொல்லும் அளவை, கணக்கிடுங்கள். கொள்கைப்படி அது 3. நண்டு நெபுலாவின் பல்சருக்கு 2.5. உங்களுக்கு ஆயிரம், மைனஸ் ஐந்நூறு என்று வந்தால் நீங்கள் அளந்தது இரைச்சலை.

கடைசியாக, நான் அசடு வழிந்த கதை. அந்த டிசம்பர் கிளிட்சுக்குப் பிறகு வேலாவை இரவு இரவாகப் பின்தொடர்ந்தேன். 2017 ஜனவரி 2 அதிகாலை, எச்சம் திடீரென்று 17 மில்லி வினாடி முந்தியிருந்தது. மூன்றே வாரத்தில் இரண்டாவது கிளிட்ச்! கை நடுங்கியது. கடிகாரக் கோளாறாக இருக்குமோ என்று நண்டுப் பல்சரைப் பார்த்தேன். கடிகாரம் பிசகினால் எல்லாப் பல்சரும் ஒரே அளவு குதிக்க வேண்டும் அல்லவா? நண்டு 12 மில்லி வினாடி பிந்தியிருந்தது. அளவு வேறு, திசையும் வேறு. கடிகாரம் இல்லை என்று முடிவுகட்டி என் ஆய்வு வழிகாட்டியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டேன்.

அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இரவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் எச்சம் நகர்ந்ததா?” நகரவில்லை. “ஒரு நொடியை 89.4 மில்லி வினாடியால் வகுத்துப் பாரப்பா.” பதினொரு முழுச் சுற்று போக மிச்சம் 17 மில்லி வினாடி. நண்டுக்கு முப்பது சுற்று முடிய 12 குறைகிறது. புத்தாண்டுக்கு உலகக் கடிகாரங்களில் ஒரு லீப் நொடி, அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக ஒரு கூடுதல் நொடி, சேர்த்திருந்தார்கள். என் கணினியில் லீப் நொடிகளைப் பட்டியலிடும் கோப்பு பழையது. பிசகு சுற்றுக் காலத்தைவிடப் பெரிதானால், ஒவ்வொரு பல்சரும் மிச்சத்தை மட்டும்தான் காட்டும்.

கோப்பைப் புதுப்பித்து மறுபடி ஓட்டினேன். ஜனவரியின் படி காணாமல் போயிற்று; டிசம்பர் 12-இன் மடிப்பு அப்படியே நின்றது.