பார்பிக்குப் பாவாடை தைக்கும் முன்னால்

மந்தைவெளியில் பிளவுஸ் தைக்கிறவள் நான். அளவு பிளவுஸோடு சேர்த்து மகளின் பொம்மையையும் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்கிற அம்மாக்கள் இப்போது அதிகம். "அக்கா, இதுக்கு ஒழுங்கா ஒரு டிரெஸ் தைச்சுக் குடுங்க, பார்க்கவே சகிக்கலை." பிறந்தநாளுக்கு யாராவது கொடுத்திருப்பார்கள். தூக்கிப் போட்டால் பிள்ளை அழும். ஒவ்வொருவருக்கும் இதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள். துணியா, முகமா, உடம்பா, பிளாஸ்டிக்கா? துணியை மாற்றலாம். முகத்தை அழித்து எழுதலாம். உடம்பை ஒன்றும் செய்ய முடியாது, அதைப் பற்றிப் பிள்ளையிடம் பேசத்தான் முடியும். பிளாஸ்டிக்கே மோசம் என்றால் வேறு பேச்சில்லை, குப்பைதான்.

பிளாஸ்டிக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பிளாட்பாரத்தில் கவரில் போட்டு விற்பதில் பெரும்பாலும் அது இருக்காது. மூக்கருகே கொண்டுபோனால் குப்பென்று நாற்றமடிப்பதும், சோப்பு போட்டுக் கழுவிய பிறகும் கால் பிசுபிசுவென்று ஒட்டுவதும் என்னிடம் வர வேண்டாம். பிவிசி என்ற பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்க்கிற எண்ணெய் மாதிரியான பொருள் வெளியே கசிவதால் வருகிற பிசுபிசுப்பு அது. வாயில் வைக்கிற குழந்தை வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இனி உடம்பு. இன்ச் டேப்பைப் பிள்ளை கையில் கொடுங்கள். பார்பியின் உயரம் பதினொன்றரை இன்ச். ஆளில் ஆறில் ஒரு பங்கு என்பது கணக்கு. ஆறால் பெருக்கினால் 69 இன்ச், அதாவது 5 அடி 9 இன்ச் பெண். இடுப்பு மூன்றேகால் இன்ச் பக்கம் வரும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். அதையும் பெருக்கினால் இருபதைத் தொடாது. யுகேஜி பிள்ளைக்குப் பாவாடை அளவெடுத்தாலே இருபது, இருபத்தொன்று வருகிறது எனக்கு. டேப்பை அப்படியே உங்கள் பிள்ளையின் இடுப்பில் சுற்றிக் காட்டுங்கள், பிறகு உங்கள் இடுப்பில். ஐந்தே முக்கால் அடி உயரத்துக்கு யுகேஜி இடுப்பு! நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை, அதுவே சிரித்துவிடும்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அடுத்து கேட்கும். அழகு என்று நினைத்தார்கள் என்பது பாதி பதில். மீதி தையல்காரிக்குத் தெரியும். உடம்பை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம், துணியின் கனத்தைச் சுருக்க முடியாது. பாவாடைப் பட்டியின் மடிப்பு, கொசுவம், உள்ளே செருகிய சட்டை என்று நாலைந்து அடுக்கு இடுப்பில் சேர்ந்தால், நாம் ஜமக்காளத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். துணி போட்ட பிறகு சரியாகத் தெரியட்டும் என்றுதான் இடுப்பைக் குறைத்தோம் என்று கம்பெனிக்காரர்களும் சொல்லி வந்திருக்கிறார்கள். தைத்துப் பார்த்தவள் என்ற முறையில் நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்தச் சாக்கு இடுப்போடு சரி. மார்புக்கும், எந்நேரமும் நுனிக்காலில் நிற்கிற பாதத்துக்கும் துணிமேல் பழி போட முடியாது.

அந்தக் கதை வேறு. 1950களில் ஜெர்மனியின் 'பில்ட்' பத்திரிகையில் லில்லி என்றொரு கார்ட்டூன் பெண் வந்தாள். அவளைப் பொம்மையாக்கி, வளர்ந்த ஆண்களுக்கு வேடிக்கைப் பொருளாகவும் விற்றார்கள். அமெரிக்காவில் மேட்டல் என்ற பொம்மைக் கம்பெனியை நடத்திய ரூத் ஹேண்ட்லர் சுவிட்சர்லாந்தில் அதைப் பார்த்துவிட்டுப்போய்ச் செய்ததுதான் பார்பி. 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் வந்தது. அம்மாக்களுக்குப் பிடிக்காது என்பது விற்பனைக்கு முன்பே கம்பெனிக்குத் தெரியும். எர்னஸ்ட் டிக்டர் என்ற ஆலோசகரை வைத்து விசாரித்தார்கள். நேர்த்தியாக உடுத்திக்கொள்ளப் பெண் பிள்ளைக்கு இது கற்றுத்தரும் என்று சொன்னால் அம்மாக்கள் மசிவார்கள் என்றார் அவர். மசிந்தார்கள். 1965இல் ஒரு பார்பியோடு எடை மெஷின் வந்தது, முள் 110 பவுண்டிலேயே நிற்கும், நம் கணக்கில் 50 கிலோ. கூடவே எடை குறைக்க ஒரு குட்டிப் புத்தகம், அதில் அறிவுரை: சாப்பிடாதே. ஆகவே உங்கள் எரிச்சல் புதிதும் இல்லை, பட்டிக்காட்டுத்தனமும் இல்லை. 2016இல்தான் சதைப்பிடிப்பான உடம்பு, உயரமானது, குட்டையானது என்று மூன்று புது வகையும் ஏழு தோல் நிறங்களும் வந்தன. அடுத்து வாங்கினால் மாநிறத்தில், சதைப்பிடிப்பானதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய துணி அதற்கு ஏறாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இருக்கிற வெள்ளைப் பொம்மைக்கு பிரவுன் பெயின்ட் அடிக்காதீர்கள், மூட்டு மூட்டாக உரிந்து வரும்.

முகத்துக்கு வருவோம். இதைப் பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில் செய்யாதீர்கள். அதன் பொம்மை, அதைக் கேட்டுவிட்டுத்தான்.

தலை மெத்தென்ற வினைல், அதாவது பிவிசிதான். குழம்பாக இருக்கும் பிவிசியை உலோக அச்சில் ஊற்றி, சூட்டில் வைத்துச் சுழற்றுவார்கள். உள்சுவரெங்கும் படிந்து வெற்றுத் தலையாகும். சூடு ஆறுவதற்குள் கழுத்துத் துளை வழியாக இழுத்து எடுப்பார்கள். அப்போது கண்ணும் கிடையாது, முடியும் கிடையாது. முடியைத் தையல் மெஷின் மாதிரி ஒன்றில் கொடுத்துக் குத்தி ஏற்றுகிறார்கள். வகிட்டைப் பிரித்துப் பாருங்கள், துளை வரிசை தெரியும். கண்ணும் உதடும் ஸ்டென்சில் வைத்து ஸ்ப்ரே அடித்தது, அல்லது சிலிக்கான் பேடில் மை எடுத்து ஒற்றியது. அந்த ஓரப் பார்வை ஒரு மெல்லிய பெயின்ட் படலம், அவ்வளவுதான். முதுகில் 1966 என்று பார்த்துவிட்டு பாட்டி காலத்துப் பொம்மை என்று மயங்கவும் வேண்டாம். அச்சுக்கு உரிமை பதிந்த வருஷம் அது.

அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர், இயர் பட்ஸ், நீலகிரித் தைலம். இவ்வளவு போதும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சோனியா சிங் என்பவர் பிராட்ஸ் என்ற வேறு கம்பெனியின் பழைய பொம்மைகளின் மேக்கப்பை அழித்து, சாதாரணப் பிள்ளை முகம் எழுதி, 2015இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டார். அவரும் ரிமூவரும் தைலமும்தான் வைத்துக்கொண்டார். சட்டை பின்னிக் கொடுத்தது அவருடைய அம்மா. நம் ஊரில் தைலத்துக்கு அலையவே வேண்டாம், ஊட்டிக்குப் போனவர்கள் கொடுத்த பாட்டில் எப்படியும் கிடக்கும்.

கழுத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். வினைல் தலை அசிட்டோனைத் தாங்கும், மார்புப் பகுதியின் கெட்டி பிளாஸ்டிக் கரைந்துவிடும். உதட்டில் தொடங்கி வெளியிலிருந்து உள்ளே துடையுங்கள், இல்லாவிட்டால் சிவப்பு கன்னமெல்லாம் பரவும். நிமிஷத்துக்கு ஒரு பட்ஸ் மாற்றுங்கள். மிச்சக் கறைக்குத் தைலம். ஜன்னல் திறந்திருக்கட்டும், சாமி விளக்கு எரிகிற அறையில் கூடவே கூடாது. ரிமூவர் வேலை பெரியவர்களுடையது. பிள்ளை பார்க்கலாம், கொஞ்சம் தள்ளி நின்று.

சோப்பு போட்டுக் கழுவிக் காய்ந்ததும் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே ஒரு கோட். அது இல்லாமல் பென்சில் பிடிக்காது. மொட்டை மாடியில், மாஸ்க் போட்டுக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். வாட்டர் கலர் பென்சிலால் கண்ணை வரைந்து, தண்ணீர் கலந்த அக்ரிலிக்கை மெல்லிய பிரஷ்ஷில் ஏற்றுங்கள். கருவிழி மேல் இமையைத் தொட வேண்டும், தொடாவிட்டால் பேயைப் பார்த்த முகம். இரண்டு கண்ணிலும் வெள்ளைப் புள்ளி ஒரே பக்கம். உதட்டுக்குத் தோல் நிறத்தைவிடக் கொஞ்சம் அழுத்தம், அவ்வளவு போதும். பொட்டைப் பிள்ளையிடம் விடுங்கள். முடிந்ததும் இன்னொரு கோட் வார்னிஷ்.

பிராட்ஸுக்கு ஷூவைக் கழற்றினால் பாதமும் சேர்ந்து வந்துவிடும், வெறும் குச்சி நிற்கும். பிள்ளை மிரளாமலிருக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழாய்க்குப் போடுகிற எம்-சீலைப் பிசைந்து பாதம் பிடித்து, ராத்திரி முழுக்க இறுகவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். முடிக்கு ஷாம்பு, பிறகு துணி அலசப் போடுகிற கம்ஃபர்ட், பெரிய பல் சீப்பு. தேங்காய் எண்ணெய் வைக்கிற பாட்டிகளைத் தடுத்து நிறுத்துங்கள், தூசி அப்பிக்கொள்ளும்.

துணிக்குப் பிளவுஸ் கட் பீஸ் தாராளம். பாவாடைக்கு 16 இன்ச் அகலம், 7 இன்ச் நீளம். மெல்லிய ஜரிகை பார்டரைக் கீழே வைத்துவிட்டால் அடி மடிக்க வேண்டாம். இடுப்பில் பட்டி மடிக்காதீர்கள், கொசுவத்தைச் சாட்டின் ரிப்பனில் ஏற்றி முதுகில் ஒரு பிரஸ் பட்டன். சட்டையையும் முதுகு முழுக்கத் திறந்ததாகத் தையுங்கள், பொம்மையின் கை நம் கை மாதிரி மடங்கி நுழையாது. சிவப்பு, கருநீலச் சுங்குடி என்றால் உள்ளே வெள்ளை மல் லைனிங் கட்டாயம். சாயம் வினைலில் இறங்கிவிட்டால் போகாது.

இந்த வெட்டு மரப்பாச்சிக்குத் தைத்துத் தைத்து வந்தது. அதற்கு ஜிகினா, கல் அட்டிகை, ஒட்டியாணம் என்று பூட்டச் சொல்கிற அம்மாக்களேதான் பார்பியின் கம்மலைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். இருக்கட்டும்.

புரட்டாசி பிறந்த பிறகு மட்டும் பார்பியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடை போட்டதிலிருந்து விஜயதசமி வரைக்கும் மரப்பாச்சி ஆர்டருக்கே எனக்குக் கை போதாது.