சில்லறையிலேயே க்ரிவான் மலை

ஸ்லோவாக்கியா போனால் மலை நினைவுப்பொருளுக்குக் காசு கொட்ட வேண்டாம். மீதிச் சில்லறையில் ஸ்லோவாக் 5 சென்ட் நாணயத்தை எடுத்து வையுங்கள். அதில் இருப்பது உயர் தாத்ரா மலைத்தொடரின் க்ரிவான், 2,494 மீட்டர். வளைந்த முனைதான் அடையாளம். பெயருக்கே வளைந்தது என்றுதான் பொருள். 1841-இல் ஸ்லோவாக் தேசியத் தலைவர் லூடொவீட் ஷ்டூர் இங்கே ஏறிய பின், தேசிய உணர்வின் சின்னமாகவே ஆகிவிட்டது.

1, 2 சென்ட்டிலும் இதே மலைதான். ஆனால் 2022 ஜூலை முதல் ரொக்கத் தொகையை 5 சென்ட்டின் மடங்காக முழுமையாக்குவதால் அவை கைக்கு வருவது அபூர்வம். மற்ற யூரோ நாட்டுக் காசும் கலந்திருக்கும், ‘ஸ்லோவென்ஸ்கோ’ என்ற எழுத்தைப் பாருங்கள். 10 சென்ட்டிலும் அதற்கு மேலான நாணயங்களிலும் க்ரிவான் இல்லை. அட்டையில் பணம் கட்டுபவருக்கு இது உதவாது.