‘குயிக்லி’யைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்றுமதி நிறுவனங்களில் புதிதாகச் சேருவோருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதப் பழக்குவது என் தொழில். ஆட்கள் மாறினாலும், ‘குயிக்லி’ என்னும் வினையடையில் அவர்கள் இடறும் இடங்கள் மாறுவதில்லை. ‘ஃபாஸ்ட்லி’ போன்ற பிழைகளைக் கணினியே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

‘சீக்கிரம்’ எல்லாம் ‘குயிக்லி’ அல்ல

‘சீக்கிரம் எழுந்தேன்’ என்பதற்கு ‘எர்லி’, ‘சீக்கிரம் சந்திப்போம்’ என்பதற்கு ‘சூன்’, ‘சீக்கிரம் சாப்பிடு’ என்பதற்குத்தான் ‘குயிக்லி’. ‘ஐ வோக் அப் குயிக்லி’ என்று எழுதினால், விடியற்காலையில் எழுந்ததாக யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

‘ஹேஸ்டிலி’யை மாற்றாகப் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில், சரக்கு ஏன் தாமதம் என்று கேட்ட வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிய இளைஞர், முந்தைய வரியில் ‘குயிக்லி’ வந்துவிட்டதே என்று ஒத்த சொற்களின் பட்டியலைப் பார்த்து, தரச் சோதனையை ‘ஹேஸ்டிலி’ முடித்துவிட்டோம் என எழுதி அனுப்பிவிட்டார். அந்தச் சொல்லுக்கு வேகம் மட்டும் பொருளன்று. அவசரத்தில், போதிய கவனமின்றிச் செய்தது என்ற குறையும் அதில் ஒட்டிக்கொண்டே வரும். சரக்கை நிறுத்தி, வெளியாட்களைக் கொண்டு உங்கள் செலவில் மறுபடி சோதியுங்கள் என்று பதில் வந்தது. ஒட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்துப் பார்த்ததில் துணியில் ஒரு குறையும் இல்லை. செலவு மட்டும் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. “இரண்டும் ஒன்றுதானே சார்?” என்று அந்த இளைஞர் கேட்டார். ஒரே சொல் இருமுறை வந்தால் நடை கெட்டுவிடும் என்று பள்ளியில் ஊட்டிய அச்சத்தைத்தான் நான் நொந்துகொள்வேன். ‘குயிக்லி’ இரண்டு முறை வரட்டும், குடிமுழுகிப் போகாது. மாற்றியே ஆகவேண்டுமென்றால், காலந்தாழ்த்தாமல் என்ற பொருளுக்கு ‘ப்ராம்ப்ட்லி’ இருக்கிறது. அதில் பழிக்குறிப்பு இல்லை.

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் நுழைப்பது

கூடாது. ‘செக் குயிக்லி த ஆர்டர்’ அல்ல, ‘செக் த ஆர்டர் குயிக்லி’.

‘குயிக்’ என்று மட்டும் எழுதுவது

‘கம் குயிக்’ என்பது பேச்சில் செல்லும், கடிதத்தில் செல்லாது.

வாடிக்கையாளருக்கு ‘ரிப்ளை குயிக்லி’ என எழுதுவது

‘ப்ளீஸ்’ சேர்த்தாலும் விரட்டுவது போலத்தான் ஒலிக்கும். எந்தத் தேதிக்குள் பதில் தேவை, எதற்காகத் தேவை என்று குறிப்பிட்டால் போதும். அங்கே அந்தச் சொல்லுக்கே வேலையில்லை.