படத்தில் பார்த்த வீட்டைத் தேடிப் பிடிப்பது: எழுவான்கரையா, படுவான்கரையா?

படம் ஓடிக்கொண்டிருக்கும். கதாநாயகன் அழுதுகொண்டிருப்பான். நமக்கோ அவனுக்குப் பின்னால் தெரிகிற திண்ணையில்தான் கண். "இது எங்கட பக்கத்து வீடு மாதிரிக் கிடக்கே!" எனக்கு அந்த வியாதி பிடித்தது ஒரு பழைய வீடியோப் படத்தைப் பார்த்தபோது. வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் சென்றது. மட்டக்களப்புப் பக்கம் எடுத்த படமென்றால் நீங்கள் அவ்வளவு அலையத் தேவையில்லை.

1. முகத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் படம் பிடியுங்கள்

வீடு வருகிற இடமெல்லாம் நிறுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கிணற்றுக்கட்டு, மதிலில் உள்ள சீமெந்துப் பூவேலை, கேற், ஓட்டுக்கூரையின் சரிவு, தூரத்தில் தெரியும் கோபுரமோ மினாராவோ, இவைதான் வேண்டும். நடிகர் மறைக்காத ஒரு வினாடிக்குக் காத்திருங்கள். நான் எடுத்த பத்தொன்பதில் மூன்றுதான் உதவின.

வெளிப்புறம் ஒரு வீடு, உள்ளறை வேறு வீடு என்று எடுப்பது சினிமாவில் சாதாரணம். கதை நடக்கும் ஊரையும் நம்பவேண்டாம். 1957 இல் வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் கதை பர்மா ரயில் பாதையில் நடக்கிறது. பாலத்தைக் கட்டியதோ நம் இலங்கையின் கித்துல்கலயில், களனி கங்கையில்.

2. இடம் வலம் மாறியிருக்கிறதா?

பழைய வீடியோக்களைப் பதிவேற்றுபவர்கள் சிலர் படத்தைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். சேலைத் தலைப்பு இடது தோளில் கிடக்கிறதா, வாகனத்தின் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

3. வெயிலையும் வாவியையும் கேளுங்கள்

நம் ஊர்க்காரருக்கு மட்டும் வாய்த்த வசதி இது. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு, அம்பாறை மாவட்டத்தின் கல்முனைப் பக்கம் வரை போகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே படுவான்கரை. வாவிக்கு மேலே சூரியன் இறங்கினால் கமெரா நின்றது எழுவான்கரையில். வாவிக்கு மேலே எழும்பினால் படுவான்கரையில். ஊர்ப்பெயரிலேயே திசைகாட்டி இருக்கிறது! மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் மட்டும் இந்தக் கணக்குச் சரிவராது, அங்கே சுற்றிவரத் தண்ணீர்.

அது காலையா மாலையா என்று எப்படித் தெரியும்? வசனத்தை நம்பாதீர்கள். காலை வெயிலை மாலையென்று ஏமாற்றுவது சினிமாக்காரருக்குக் கைவந்த கலை. பின்னணியில் நடிக்காமல் போகிற சனத்தைப் பாருங்கள். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் போகிறார்கள், நிழலும் நீளமாக விழுகிறது என்றால் அது காலைதான். ஒன்றரை மணிக்குப் பள்ளி விடும்போது நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும்.

இணையத்தில் பலர் "நண்பகல் நிழல் வடக்கே விழும்" என்று எழுதுகிறார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 7.7 பாகை வடக்கில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நமக்கு நண்பகல் நிழல் தெற்கே விழும். இதைக் கவனிக்காமல் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தவறான தெருவில் சுற்றினேன்.

4. காலத்தைப் பிடியுங்கள்

வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலம் படத்தில் வந்தால் அதிர்ஷ்டம். இரும்புப் பாலம் தனியே நின்றால் படம் பழையது, பக்கத்தில் புதிய பாலமும் தெரிந்தால் 2013 இற்குப் பிந்தியது. 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு முந்திய படமென்றால் கூரையையும் தென்னையையும் அடையாளமாக வைக்காதீர்கள், கிணற்றையும் அத்திவாரத்தையும் பாருங்கள். கடற்கரையோர வீடென்றால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கணினியில் கூகுள் எர்த் புரோவைத் திறந்து கடிகாரப் பொத்தானை அழுத்தினால் பழைய செய்மதிப் படங்கள் வரும். படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ் எனக்குக் கேரளத்து வீடுகளைத்தான் காட்டியது.

5. பெயரைக் கேட்காதீர்கள், வீட்டைக் கேளுங்கள்

இரண்டு மூன்று ஊர்களாகச் சுருங்கியதும் இறங்கி நடக்கவேண்டும். படத்தைக் கடதாசியில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோங்கள், வெயிலில் போன் திரை வயதானவர்களுக்குத் தெரியாது. "போடியார் (பெரிய வயற்காரர்) வீடு", "விதானையார் (ஊர்த் தலைமைக்காரர்) வீடு", "ஓவசியர் (வேலை மேற்பார்வையாளர்) வீடு" என்று தொழிலை வைத்துத்தான் நம் ஊர்களில் பழைய வீடுகளைச் சொல்வார்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். நான் தேடியது ஓர் ஓவசியர் வீடு, அந்த ஓவசியரின் மகன் எங்கே என்று கேட்டுத் திரிந்தேன். குருமண்வெளித் துறையில் பாதைக்கு (வாவியைக் கடக்கும் மிதவைக்கு) காத்திருந்த ஒரு ஆச்சி கடதாசியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வீடு மகளுக்குத்தானே மனே குடுப்பாங்க. மூத்தவள்ர மகளைக் கேளு." மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு சீதனமாகப் பெண்பிள்ளைக்கே போகும். ஆண்களின் பெயரை வைத்துத் தேடினால் வேறு ஊரில், மாமனார் வீட்டில் போய்த்தான் முட்டுவீர்கள்.

6. கேற்றடியில்

கேற்றுக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள். கேட்காமல் போனைத் தூக்கவேண்டாம். இடத்தைக் கூகுள் மப்பில் குறித்துப் பகிரவும் வேண்டாம், அங்கே சனம் குடியிருக்கிறது. நானும் ஊரைச் சொல்லப்போவதில்லை.

ஓடு போய்த் தகரம் வந்திருந்தது. பூவேலை மதில் அப்படியே நின்றது. வீட்டு அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லையாம். படம் பிடித்தபோது அவருக்கு எட்டு வயது. திண்ணையில் இருந்து போனில் ஓட விட்டேன். நடிகரைக் காட்டினேன், தலையாட்டினார். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டு தம்பி, நிப்பாட்டு. அந்தா, கிணத்தடியில நிக்கிறது எங்கட ஆடு!"