மின்னுவதெல்லாம் வால்மீன் ஆகாது

பூமியை நெருங்கிவரும் சிறுகோள் ஒன்று கணக்கிட்டதைவிடக் கூடுதலாக ஒளிர்ந்தால், "வால்மீனைப்போல் தூசி கக்குகிறது!" என்று புதியவர்கள் துள்ளுகிறார்கள். நானும் துள்ளியவன்தான். ஃபோகஸ் தவறியது, மேகம் குறுக்கிட்டது போன்றவற்றை நீங்களே கண்டுகொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். எளிதில் கண்ணில் படாத தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

கோணத்தை நேர்கோடாக்குவது

தூரத்தை எல்லோரும் ஒழுங்காகத் திருத்திவிடுகிறார்கள். கோட்டை விடுவது கட்டக் கோணத்தில்தான். அதாவது, சிறுகோளில் நின்று பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே விழும் கோணம். நெருங்கிவரும் கல்லுக்கு இது ஒரே வாரத்தில் பத்து, இருபது பாகை மாறிவிடும்.

ஒருமுறை 25 பாகையிலிருந்து 15 பாகை வரை அளந்தேன். பாகைக்கு 0.03 மேக்னிட்யூட் (பொலிவை அளக்கும் அலகு) வீதம் அழகான நேர்கோடு கிடைத்தது. அதை அப்படியே 2 பாகை வரை நீட்டினேன். அங்கே கல், கோடு சொன்னதைவிட 0.2 மேக்னிட்யூட், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, கூடுதலாக ஒளிர்ந்தது. அடுத்த மூன்று இரவுகளின் தொலைநோக்கி நேரத்தையும் அதற்கே கொட்டினேன். அறிவிப்புகூட எழுதிவிட்டேன். அனுப்பும் முன் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "கோணம் எவ்வளவு?" இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சூரியனுக்கு நேர் எதிரே வரும்போது, கடைசி ஐந்தாறு பாகைக்குள், மேற்பரப்புத் துகள்களின் நிழல்கள் அவற்றின் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். பொலிவு சட்டென்று ஏறும். முழுநிலவு அரைநிலவைப்போல் இரு மடங்கல்ல, ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். கோணத்துக்கேற்பப் பொலிவைக் கணிக்கும் எச்-ஜி சூத்திரம் இந்த வளைவைக் கணக்கில் சேர்க்கும். ஆனால் வளைவின் வடிவைக் குறிக்கும், கல்லுக்குக் கல் மாறும் ஜி-க்குக் கண்ணை மூடிக்கொண்டு 0.15 போடுவது அதே குழியில் மறுபக்கமாக விழுவதாகும். கோணம் மீண்டும் விரியும்போதும் அளந்து பாருங்கள். அதே கோணத்தில் அதே பொலிவு திரும்பினால், தூசியைச் சந்தேகிக்க வேண்டாம்.

சுழற்சியை மறப்பது

நீளமான கல் சுழன்றாலே ஒரு மேக்னிட்யூட் ஏறி இறங்கும். முழுச் சுற்றையும் அளக்காமல் வாய் திறக்காதீர்கள்.

கூடுதல் ஒளி என்றாலே தூசி

ஃபேத்தான் என்ற சிறுகோள் 2009-இல் சூரியனை ஒட்டிச் சென்றபோது பொலிந்ததை ஸ்டீரியோ விண்கலம் காட்டியது. தூசி என்றே வெகுகாலம் பேசப்பட்டது. சோஹோ விண்கலத்தின் படங்களை வடிகட்டி வாரியாக ஒப்பிட்ட 2023 ஆய்வு, அது சோடியம் வாயுவின் ஒளி என்றது.

மாறாத ஒளி என்றால் அமைதி

பென்னு என்ற சிறுகோள் 2019 ஜனவரியில் துகள்களை வீசியதைக் கண்டது, அதன் அருகிலேயே சுற்றிக்கொண்டிருந்த ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கேமராதான்; பூமியிலிருந்து அளந்த பொலிவு அல்ல.