வாத்துக்கு ஒரு தண்ணீர், குருவிக்கு ஒரு தண்ணீர்

கொல்லையில் வாத்தும் மேய வேண்டும், தேன்சிட்டும் மைனாவும் வந்து போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரைத்தான். இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் ஒரே தண்ணீர் கூடாது.

1. வாத்து வாங்குவது

ஒற்றை வாத்து வேண்டாம், துணை இல்லாமல் ஏங்கிப்போகும். தொடக்கத்துக்கு மூன்று பெட்டைகள் போதும். முட்டைக்கு மட்டும் என்றால் ஆண் வாத்தே தேவையில்லை. காக்கி கேம்பல் என்ற வாத்து இனம் நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இடும், ஆனால் அடைகாப்பது அரிது. பக்கத்து வீடுகள் நெருக்கமாக இருந்தால் மணிலா வாத்து எடுங்கள். அதிகம் சத்தம் போடாது, தானே அடைகாக்கும், ஏறக்குறைய 35 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு வேண்டுமானால் ஆண் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

2. இரவுக் கூடு

கீரியும் தெருநாயும் நுழையாத கூடு, தரையில் காய்ந்த வைக்கோல். பொழுது சாயும்போது அடைத்துவிடுங்கள். காலை 9 மணிக்கு மேல் திறந்தால் முட்டை கூட்டுக்குள்ளேயே கிடைக்கும், செடிக்குள் தேட வேண்டாம்.

3. வாத்தின் தண்ணீர்

குளம் வெட்டத் தேவையில்லை. ஆனால் மூக்கும் கண்ணும் முழுகும் அளவு ஆழம் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் சேறும் தீவனமும் அடைத்துக் கண் கெட்டுவிடும். ஒரு சிமெண்டுத் தொட்டி போதும். தினமும் மாற்றுங்கள், எச்சம் கலந்த அந்தத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றினால் அருமையான உரம்.

தாய் இல்லாமல் வாங்கிய குஞ்சுகளை முதல் சில வாரம் நீந்த விடாதீர்கள். தாயின் இறகிலிருந்து ஒட்டும் எண்ணெய் இல்லாததால் நனைந்து, குளிரில் செத்துவிடும்.

4. குருவியின் தண்ணீர்

அகலமான மண்தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர். வாத்துக்கு எட்டாத உயரத்தில், பூனை பதுங்க இடமில்லாத இடத்தில் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது: பறவைக் காய்ச்சல் கிருமி எச்சம் வழியாகத் தண்ணீரில் கலந்து காட்டுப் பறவையிலிருந்து வாத்துக்கு வரும், வாத்தின் எச்சத்தில் இருக்கும் சால்மொனெல்லா என்ற குடல் கிருமி குருவிகளுக்குப் போகும். பறவைகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

5. தீவனம்

குருணை, தவிடு, கீரை எல்லாவற்றையும் ஈரமாகப் பிசைந்து, கூட்டுக்குள்ளேயே வையுங்கள்; வெளியே வைத்தால் காக்கை, மைனா எல்லாம் பங்குக்கு வரும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் வாத்துக்கு எமன். கோழி தாங்கும் அளவு நஞ்சைக்கூட வாத்து தாங்காது. லேசாக வாடை வந்தாலும் கொட்டிவிடுங்கள்.

காட்டுப் பறவைகளுக்கு நான் தீனி வைப்பதில்லை, செடிதான் வைக்கிறேன். இட்லிப்பூ, செம்பருத்தி, முருங்கை பூத்தால் தேன்சிட்டு தானாக வரும். கறிவேப்பிலையைக் கொஞ்சம் வளரவிட்டால் கறுத்த பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் போட்டி போடும். மூலையில் சருகைப் பெருக்காமல் விடுங்கள், தவிட்டுக்குருவிக் கூட்டம் கிளறிக்கொண்டே இருக்கும். இளங்கீரைப் பாத்திக்கு மட்டும் வேலி போடுங்கள், வாத்து மிச்சம் வைக்காது.

6. பார்ப்பது

வாத்துகளைத் திறந்துவிட்ட முதல் அரைமணி நேரம்தான் சிறந்தது. அவை நத்தையும் புழுவும் தேடிப் புல்லைக் கலைக்கும்போது பறந்து எழும் பூச்சிகளைக் கரிச்சான் வந்து பிடிக்கும். அசையாமல் ஓரமாக உட்கார்ந்தாலே போதும். வந்த பறவைகளைக் குறித்து வையுங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டுத் தோட்டத்துப் பட்டியலையும் சேர்க்கலாம். அப்புறம், கிளியோ மைனாவோ பழகிவிட்டது என்று கூண்டில் அடைக்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் பக்கத்துக் கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகுங்கள், தாய் அருகில்தான் இருக்கும்.